அந்தக் கை யாருடையது?

திருத்தணி
25.02.2024

நல்லபடியாக இருக்கிறீர்களா?

மேலே பெயர் போடாமல் ஆரம்பிக்கிறேன். உங்களை என்னவென்று கூப்பிடுவது என்று எனக்கு இன்னும் வாயில் வரவில்லை. தினமும் போன் செய்கிறீர்கள். "சாப்டியா?" என்று கேட்கிறீர்கள். அதற்கே அழுகை வந்துவிடுகிறது. கப்பலுக்கு வெல்டிங் அடித்துவிட்டுக் களைத்து வருகிற மனுஷனுக்கு என் அழுகைதான் சாப்பாடா என்று எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. அதுவும் இல்லாமல் எங்கள் வீடு ஒரே அறை. அம்மா மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். நான் என்ன பேசினாலும் அவள் காதில் விழும். அதனால் நோட்டில் எழுதி, படம் பிடித்து உங்கள் போனுக்கு அனுப்புகிறேன். எழுதினால் அழாமல் சொல்ல முடிகிறது. ஒன்பதாவதோடு நின்றவள். பிழை இருந்தால் சிரிக்காதீர்கள்.

நடந்தது உங்களுக்கும் தெரியும். ஆனால் என் பக்கம் தெரியாது.

நம் கல்யாணம் பதினொன்றாம் தேதி, கனகம்மாசத்திரம் மண்டபத்தில் என்று பத்திரிகை அடித்துக் கொடுத்து முடித்திருந்தோம். இரண்டாம் தேதி காலையில் நைனா கே.ஜி.கண்டிகைக்கு சவாரி ஏற்றிக்கொண்டு போனார். வழியில் ஆட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டு ஹேண்டில் பாரில் தலையை வைத்தார். பின்னால் இருந்தவர்கள் தூக்கம் போல என்று நினைத்தார்களாம். சாகும்போதுகூட வண்டியை ஓரம்கட்டி நிறுத்தியிருக்கிறார் பாருங்கள்.

மதியம் பெரியப்பா வந்து சொன்னார்: "பொணத்த எடுக்கறதுக்குள்ள தாலி ஏறணும். இல்லாங்காட்டி ஒரு வருஷம் ஒண்ணும் பண்ணக் கூடாது. மாப்ளைக்கு லீவு பதினெட்டாம் தேதி வரைக்கும்தான் கீது." என்னை யாரும் கேட்கவில்லை. உங்கள் லீவைத்தான் கேட்டார்கள்.

சாவு மேளத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னார்கள். ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்தார்கள். பெரியப்பா நைனாவின் கையைத் தூக்கிப் பிடித்து, அதில் அட்சதை வைத்து, என் தலைமேல் வைத்தார். சில்லென்று இருந்தது. நைனாவுக்கு ஆள்காட்டி விரல் பாதிதான். பழைய ஆட்டோவின் பெல்ட்டில் போனது. அந்தப் பாதி விரல் என் வகிட்டில் பட்டது. நீங்கள் தாலி கட்டினீர்கள். நான் உங்களைப் பார்க்கவில்லை. நைனாவின் கால் கட்டை விரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் உங்கள் அம்மா என் காதில் வந்து சொன்னார்கள்: "தாலி ஏறிட்ச்சி. இனிமே கண்ணீர் வுட்டா என் புள்ளைக்கு ஆவாது. நிறுத்து." பெற்ற அப்பன் எதிரில் கிடக்கிறார், அழாதே என்றால் அவங்க பொம்பளையா, ராட்சசியா? இதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

காரியம் முடிந்த மறுநாளே நீங்கள் போய்விட்டீர்கள். நடுவில் ஒரு நாள் ரிஜிஸ்டர் ஆபீசில் பக்கத்தில் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டோம். அவ்வளவுதான். கண்ணை மூடினால் உங்கள் முகம் சரியாக வருவதில்லை. சட்டைதான் வருகிறது.

கல்பனா

*

ஹாம்பர்க்
3.3.2024

கல்பனாவுக்கு,

எனக்குப் பேசவும் வராது, எழுதவும் வராது. ஐடிஐயில் ரெக்கார்டு நோட்டு எழுதியதோடு சரி. உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் நாலு தடவை படித்தேன். சாதம் ஆறிவிட்டது.

அம்மா சொன்னதை நீ எழுதித்தான் தெரியும். அம்மா அப்படித்தான். மனசில் ஒன்றும் இல்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய்.

லீவுக்காக நான்தான் அவசரப்படுத்தினேன் என்று நினைக்கிறாய். இருக்கட்டும். அதைப்பற்றி இப்போது வேண்டாம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு என் சிநேகிதன் பிரேம்குமார் போனில் எடுத்தது ஒரே ஒரு படம். இங்கே கூட வேலை செய்கிறவர்கள் கல்யாணப் படம் காட்டு, காட்டு என்று விடவில்லை. உன் நைனா படுத்திருந்த பக்கத்தை வெட்டிவிட்டுக் காட்டினேன். கல்யாணப் படத்தில் அது இருந்தால் ஆகாது என்று அம்மாவும் சொன்னார்கள். ஆனால் கையை வெட்ட முடியவில்லை. அது உன் தலைமேல் இருந்தது. அதை வெட்டினால் உன் தலையையும் சேர்த்து வெட்ட வேண்டும்.

உன்னை இங்கே அழைத்து வர டிபெண்டன்ட் விசாவுக்குப் போட வேண்டும். அதற்கு நீ ஜெர்மன் மொழியில் முதல் பரீட்சை எழுத வேண்டும். அரக்கோணத்தில் ஒரு டீச்சர் இருக்கிறார்கள், விசாரித்துவிட்டேன். நீ படிப்பாய். உன் கையெழுத்து என் கையெழுத்தைவிட நன்றாக இருக்கிறது.

பூபாலன்

*

திருத்தணி
20.07.2024

மாமாவுக்கு,

இப்படித்தான் கூப்பிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். பழகிக்கொள்ளுங்கள்.

முதலில் நல்ல சேதி. பரீட்சையில் இரண்டாவது தடவை பாஸ். "நான் திருத்தணியில் இருந்து வருகிறேன், எனக்கு டீ பிடிக்கும், ரயில் எத்தனை மணிக்கு" எல்லாம் ஜெர்மனில் வருகிறது. "என் அப்பா இறந்துவிட்டார்" என்பது மட்டும் புத்தகத்தில் இல்லை. புத்தகத்தில் எல்லோருக்கும் அப்பா இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் வேலை செய்கிறார். டீச்சரிடம் தனியாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன்.

விசா ஃபைல் சென்னையில் கொடுத்தாகிவிட்டது. அதில் ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. பத்திரிகையும் படமும் வைக்க வேண்டும் என்று நீங்கள் சொன்ன, விசா பேப்பரெல்லாம் தயார் செய்து கொடுக்கிற முருகவேல் அண்ணன் கடைக்குப் போனேன். நம் பத்திரிகையைக் கொடுத்தேன். பார்த்ததும், "இன்னா தங்கச்சி இது? சர்டிபிகேட்ல ரெண்டாம் தேதி, வூட்ல கல்யாணம்னு கீது. பத்திரிகையில பதினொண்ணு, மண்டபம்னு கீது. இத குடுத்தா தூக்கிப் போட்ருவான்" என்றார்.

"நைனா செத்த அன்னிக்கு நடந்துச்சிண்ணா. அத எழுதிக் குடுக்கலாமே?"

"சாவு வூட்டு சமாச்சாரத்த விசா ஃபைல்லயா வெப்பாங்க? மங்களகரமா இருக்க வேணாமா? நீ சும்மா இரு, நான் பாத்துக்கறேன்."

புதிதாக ஐந்து பத்திரிகை அடித்தார். இரண்டாம் தேதி, மணமகள் இல்லத்தில். கீழே தங்கள் நல்வரவை விரும்பும் என்று நைனா பெயர், சடகோபன் என்று. செத்த நாளுக்கு நைனாவே எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிடுவது போல் இருந்தது. எல்லோரும் வரத்தான் வந்தார்கள். படமும் நீங்கள் வெட்டியதைத்தான் வைத்தார்.

அம்மாவிடம் காட்டினேன். பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உங்க நைனா பேரு நல்லா பெருசா போட்டுகிறாங்க" என்றாள். அதற்குமேல் எனக்குச் சண்டை போட மனசு வரவில்லை.

கல்பனா

*

திருத்தணி
14.09.2024

மாமாவுக்கு,

பதறாமல் படியுங்கள். நேற்று ஒருத்தர் விசாரிக்க வந்தார். கான்சுலேட்டில் இருந்து நியமித்த வக்கீலாம், சென்னைக்காரர். சொல்லிவிட்டு வரவில்லை. தெருமுனையில் முனியன் அண்ணன் டீக்கடையில் நின்று, இந்த வீட்டில் பிப்ரவரியில் கல்யாணம் நடந்ததா என்று கேட்டிருக்கிறார்.

நம் தெரு எப்படி என்று உங்களுக்கு முழுசாகத் தெரியாது. வெளியாள் வந்து நம் வீட்டுப் பெண்ணைப்பற்றிக் கேட்டால் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். சாவு வீட்டில் தாலி கட்டினது என்று சொன்னால் விசாவைக் கெடுத்துவிடுவான், எனக்கும் கெட்ட பெயர் என்று அவர்களே நினைத்துக்கொண்டார்கள். ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்ளாமல் ஆளுக்கு ஒரு கல்யாணம் நடத்திவிட்டார்கள்.

முனியன் அண்ணன்: "கல்யாணமா? ஏ யப்பா! பேண்டு சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டுச்சி சார்."

கடையில் உட்கார்ந்திருந்த ஒருத்தர்: "பேண்டு இல்ல சார், நாதஸ்வரம். எலையில பதினாறு அயிட்டம். நானே எண்ணினேன்."

வக்கீல் கேட்டாராம், "பொண்ணோட அப்பா எப்படி?"

"அவுரா? பந்தியில நின்னுகினு அவுரே பரிமாறினாரு சார். வேணாம் வேணாம்னாலும் ரெண்டு அல்வா வெச்சாரு."

எதிர்வீட்டு சின்னம்மாள் ஆயா உள்ளே ஓடி, காலண்டருக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்த பழைய பத்திரிகையை எடுத்து வந்து கொடுத்துவிட்டது. பதினொன்றாம் தேதி, மண்டபம். "பாரு சார், மஞ்சா கூட அழியாம வெச்சிகிறேன்" என்று பெருமையாகச் சொன்னதாம்.

அப்புறம் நம் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷன்தான். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். பையில் இருந்து நம் படத்தை எடுத்தார். வெட்டின படம். என் தலைமேல் ஒரு கை, அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கை. ஆள் இல்லை. விரலை வைத்துக் காட்டி, "அந்தக் கை யாருதும்மா?" என்று கேட்டார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சொன்னாள்: "எங்க வூட்டுக்காரர் கை."

"அவர் எங்க?"

"வெளிய போயிக்கிறாரு."

அம்மா உட்கார்ந்திருந்த சுவரில், அவள் தலைக்கு நேர் மேலே, நைனா படம் மாலை போட்டு மாட்டியிருக்கிறது. கீழே பிறப்பு, மறைவு தேதி இருக்கிறது. அவர் நிமிர்ந்து அதைப் பார்த்தார். தேதியை எழுதிக்கொண்டார். கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். அம்மா எதிரில் வரவில்லை மாமா.

கல்பனா

*

ஹாம்பர்க்
10.10.2024

கல்பனா,

கான்சுலேட்டில் இருந்து கடிதம் வந்திருக்கிறது. முருகவேல் அண்ணன் போனில் படித்துச் சொன்னார். இரண்டு பத்திரிகை, இரண்டு தேதி, இரண்டு இடம். பந்தியில் பரிமாறின அப்பாவுக்கு அன்றைக்கே மறைவு தேதி. இந்தக் கல்யாணம் உண்மையா என்று சந்தேகம் இருக்கிறது, ஒரு மாதத்தில் விளக்கம் கொடுக்காவிட்டால் விசா கிடையாது.

அந்த ஆள் எதிரில் வந்து நின்று கேட்டபோது உன் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? எட்டு மாதம் இதற்காகத்தான் ஓடுகிறேன். இரண்டு பேர் இருக்கிற மாதிரி வீடு பார்த்துக் குடிவந்து ஒரு மாதம் ஆகிறது. தட்டு இரண்டு வாங்கி ஒன்றை இன்னும் தொடாமலே வைத்திருக்கிறேன்.

மண்டபத்தில் தெரிந்தவர் இருக்கிறாராம். பதினொன்றாம் தேதி அங்கே ரிசப்ஷன் நடந்ததாக ஒரு ரசீது வாங்கிவிடலாம், இரண்டு பத்திரிகைக்கும் கணக்கு சரியாகிவிடும் என்று முருகவேல் அண்ணன் சொல்கிறார். நீ போய் அவரைப் பார். எனக்கும் பிடிக்கவில்லைதான். வேறு வழி இருந்தால் நீயே சொல்.

பூபாலன்

*

திருத்தணி
16.10.2024

மாமாவுக்கு,

கொழுக்கட்டை என்று எழுதினீர்கள். மூன்று நாள் உங்கள் போனை எடுக்காததற்கு அதுதான் காரணம். இப்போது கோபம் ஆறிவிட்டது, எழுதுகிறேன்.

நான் முருகவேல் அண்ணன் கடைக்குப் போகமாட்டேன். பதினொன்றாம் தேதி நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? வாசலில் விட்டிருந்த நைனா ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு ரிசப்ஷன் நடந்தது என்று எழுதிக் கொடுக்க முடியாது. தெருவில் பொய் சொன்ன ஒவ்வொருத்தரும் நம்மேல் ஆசையில் சொன்னார்கள். முனியன் அண்ணன் விஷயம் தெரிந்து கடையை ஒரு நாள் மூடிவிட்டார், என் முகத்தில் முழிக்க வெட்கப்பட்டு. யார்மேலும் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் நைனாவை ஏற்கெனவே படத்தில் இருந்து வெட்டினோம், பத்திரிகையில் உயிரோடு போட்டோம், பந்தியில் அல்வா வைக்கச் சொன்னோம், வெளியே போயிருக்கிறார் என்றோம். இன்னும் எத்தனை தடவை அவரை எழுப்பி எழுப்பி உட்கார வைப்பது? அவர் படுத்துக்கொண்டேதான் ஆசீர்வாதம் செய்தார். அப்படியே சொல்லிவிடுகிறேன்.

டீச்சரிடம் கேட்டேன். சென்னையில் அரசாங்க முத்திரையோடு மொழிபெயர்த்துக் கொடுக்கிறவர் ஒருத்தர் இருக்கிறாராம். வெட்டாத படம், நைனாவின் இறப்பு சர்டிபிகேட், அப்புறம் நான் பிப்ரவரி இருபத்தைந்தாம் தேதி உங்களுக்கு எழுதின முதல் கடிதம். மூன்றையும் கொடுக்கலாம். என்றைக்கு அனுப்பினது என்று போனிலேயே இருக்கிறது. விசாவுக்காக எழுதினது இல்லை என்று படித்தாலே தெரியும்.

அதில்தான் சிக்கல். அதில் உங்கள் அம்மாவை ராட்சசி என்று எழுதியிருக்கிறேன். உங்கள் முகம் நினைவில்லை, சட்டைதான் நினைவு என்று எழுதியிருக்கிறேன். கல்யாணம் உண்மை என்பதற்கு இதைக் கொடுக்கலாமா என்று எனக்கே சிரிப்பு வருகிறது. ஊர் பேர் தெரியாதவர்கள் படிப்பார்கள். உங்களுக்குச் சம்மதம் இல்லை என்றால் வேண்டாம்.

கல்பனா

*

ஹாம்பர்க்
20.10.2024

கல்பனா,

கொழுக்கட்டைக்கு மன்னிப்பு. கொடுத்துவிடு, மூன்றையும்.

அம்மாவிடம் நானே போனில் அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். வேறு யார் மூலமாவது கேட்டால் உன்னைத் திட்டித் தீர்த்துவிடுவார்கள் என்றுதான். முழுசாகக் கேட்டார்கள். அப்புறம், "ஆங், சொன்னேன்தான். எங்க மாமியா எனக்கு சொன்னத அவளுக்கு சொன்னேன். தப்புதான் போல" என்றார்கள். அதற்கப்புறம், "ராட்சசின்னு ஜெர்மன்ல எப்டிடா சொல்லுவான்?" என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். "கேட்டு வெய்யி" என்றார்கள்.

இன்னொன்று. இத்தனை நாள் சொல்லவில்லை. அன்றைக்கு உன் பெரியப்பாவிடம் நான் ஒரு வருஷம் காத்திருக்கிறேன், இப்படி ஒரு நிலைமையில் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பிரேம்குமார் கூட இருந்தான், கேட்டுப் பார். உன் அம்மா பந்தலுக்குப் பின்னால் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "அந்தக் கை இன்னும் ரெண்டு மணி நேரம்தாம்பா கீது. அப்புறம் எரிச்சுடுவாங்க. அது எம் பொண்ணு தலையில படட்டும்" என்றார்கள். நான் சரி என்றேன். இதைச் சொன்னால் நீ அம்மாவிடம் கோபித்துக்கொள்வாய், அவர்கள் அப்போதே பாதி ஆளாக இருந்தார்கள். என்மேல் கோபமாக இருந்தால் பரவாயில்லை, நான் தூரத்தில்தானே இருக்கிறேன் என்று விட்டுவிட்டேன்.

பூபாலன்

*

திருத்தணி
02.02.2025

மாமாவுக்கு,

பாஸ்போர்ட் என் மடியில் இருக்கிறது. விசா ஒட்டின பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்து, அந்தப் பக்கம் தானாகவே திறக்கிறது. போனில் அன்றைக்குக் கத்தினேனே தவிர ஒன்றையும் ஒழுங்காகச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

மொழிபெயர்க்கிறவர் வயசானவர். கடிதத்தைப் படித்துவிட்டு, "ராட்சசிங்கறத கொஞ்சம் மாத்தி, கண்டிப்பானவங்கன்னு போட்டுடவாம்மா?" என்றார். "வேணாங்க, அப்டியே போடுங்க. அவங்களே கேட்டு வெக்கச் சொன்னாங்க" என்றேன். அந்த வார்த்தையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி உங்கள் அம்மாவிடம் கொடுத்தேன். பூஜை அலமாரியில் வைத்திருக்கிறார்கள்.

டிசம்பரில் நேரில் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரம்மா, பக்கத்தில் தமிழ் சொல்கிற ஒரு பெண். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். வெட்டினது, வெட்டாதது. அந்தம்மாவும் அந்தக் கையைத்தான் காட்டினார்கள். தமிழ்ப் பெண் வாயைத் திறப்பதற்குள் நான் ஜெர்மனிலேயே சொல்லிவிட்டேன், டீச்சர் எழுதிக் கொடுத்ததை. என் அப்பா இறந்துவிட்டார். இது என் அப்பாவின் கை. எதிரில் அம்மா இல்லை என்பதாலோ என்னவோ, கண்ணில் தண்ணீர் வராமல் சொன்னேன்.

"ஒரு வருஷம் காத்திருந்து சந்தோஷமா பண்ணியிருக்கலாமே?" என்று கேட்டார்கள். அதற்கு எனக்கு ஜெர்மன் போதவில்லை. தமிழில் சொன்னேன்: "காத்துகினு இருந்தா எல்லாம் கெடைக்கும் மேடம். அந்தக் கை கெடைக்காது." தமிழ்ப் பெண் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் அதை ஜெர்மனில் சொன்னாள்.

முன்னே கொடுத்தது ஏன் தப்பான பத்திரிகை என்று கேட்டார்கள். சாவை மறைக்க அடித்தது, தப்பு என்று ஒத்துக்கொண்டேன். கடைசியாக, "மாமியார் இப்போ எப்படி?" என்றார்கள். "எலுமிச்சங்கா ஊறுகா போட்டுக் குடுத்துக்கிறாங்க, எடுத்தும்போக" என்றேன். அந்தம்மா சிரித்தார்கள். எனக்கு அப்போதே பாதி விசா வந்த மாதிரி இருந்தது.

போன மாதம் நைனாவுக்குத் தலைத்திவசம் முடிந்தது. வருஷம் முடியாமல் மலை ஏறக்கூடாது என்பதால் இத்தனை நாள் கீழே இருந்தே கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டோம். முந்தாநாள் அம்மாவும் நானும் போனோம். ஆட்டோவில் போகலாம் என்றேன். "நடந்தே போவலாம்" என்றாள். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன், அன்றைக்கு நீதான் அவர் கையைப் பிடித்துக் கேட்டாயா என்று. "ஆங், நான்தான். மாப்ள சொல்லிட்டானா? வாயில எதுவும் நிக்காதா அவனுக்கு?" என்றாள். எட்டு மாதம் வாயைத் திறக்காத ஆளை இப்படிச் சொல்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. நைனா போனதில் இருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

கொஞ்சம் மேலே, படி ஓரத்துப் பூக்காரி பழைய பழக்கம். "இன்னாக்கா, வருஷமா ஆளயே காணும்? ஆட்டோக்காரர் எங்க?" என்றாள். நான் அம்மா முகத்தைப் பார்த்தேன். அம்மா பூவை வாங்கித் தலைப்பில் முடிந்துகொண்டு, சாதாரணமாகச் சொன்னாள்: "அவுரு செத்துட்டாரும்மா. வருஷம் ஆயிட்ச்சி." சொல்லிவிட்டு மீதிப் படியை எனக்கு முன்னால் ஏறினாள்.

அம்மா தனியாக இல்லை. சின்னம்மாள் ஆயா ராத்திரிக்கு வந்து படுத்துக்கொள்கிறேன் என்று பாயோடு வந்துவிட்டது. முனியன் அண்ணன் ஆட்டோவை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார். நைனா ஓரம்கட்டி நிறுத்தினது வீண் போகவில்லை, வண்டியில் ஒரு கீறல் இல்லை என்கிறார்.

பதினாறாம் தேதி விமானம். உங்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். சுவரில் நம் படம் மாட்டியிருக்கிறேன் என்று சொன்னீர்களே, அதைக் கழற்றிவிட்டு வெட்டாததை மாட்டுங்கள். யாராவது வந்து கேட்டால் நான் ஜெர்மனில் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொன்று, ஏர்போர்ட்டில் வெளியே வருகிற கதவுக்கு இடது பக்கம் நிற்பீர்களா, வலது பக்கமா? என்ன சட்டை என்று சொல்ல வேண்டாம். இந்தத் தடவை நான் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வருவேன்.

உங்கள்
கல்பனா